கிளியின் அம்மா

ரதீசனுக்குக் கலியாணம் ஆகவில்லை. ஆனால் மொன்றியலில் தமிழ்ச் சனம் கூடுகிற எந்த மண்டபத்திலும் அவனுடைய பெண்சாதியைத் தெரியாதவர்கள் இல்லை. அவள் பெயர் கிளி. பட்டிமன்ற மேடையில் ஏறி, ஒலிவாங்கியைத் தட்டிப் பார்த்துவிட்டு, "எங்கட கிளி நேற்று என்ன செய்தவ தெரியுமோ" என்று அவன் தொடங்கினால் போதும். பின்வரிசையில் பால்போத்தல் கலக்கிக்கொண்டிருக்கும் தாய்மாரும் நிமிர்ந்து பார்ப்பார்கள். கிளி கறிவேப்பிலைக் கன்றை ஜன்னலோரம் வைத்து மார்கழி முழுக்க அதற்கு ஆறுதல் சொல்லுவாள். பலசரக்குக் கடை விளம்பரத் தாளைச் சிவப்புப் பேனையோடு வேதப்புத்தகம் மாதிரி வாசிப்பாள். பிரெஞ்சு வானொலியில் செய்தி சொல்லுகிறவனைத் தமிழில் திருத்துவாள். தலைப்பு கூட்டுக்குடும்பமா தனிக்குடித்தனமா என்றிருந்தாலும், பணமா பாசமா என்றிருந்தாலும், கைதட்டு கடைசியில் கிளிக்குத்தான். முப்பத்தெட்டு வயதுப் பிரமச்சாரி கற்பனையில் குடித்தனம் நடத்துகிறான் என்பதே சனத்துக்குப் பெரிய பகிடி.

கற்பனை ஒன்றுமில்லை என்பது அந்த மண்டபங்களில் ரதீசனைவிட்டால் ஒரே ஒருவனுக்குத்தான் தெரியும். கறிவேப்பிலைக் கன்றும் ஹென்றியுடையது, சிவப்புப் பேனையும் ஹென்றியுடையது. வானொலிக்காரனோடு சண்டை பிடிப்பதும் அவன்தான். மட்டக்களப்பு நாவலடியில் பிறந்து, மொன்றியல் துறைமுகத்தில் கொள்கலன் லொறிகளுக்கு வழி சொல்லி அனுப்புகிற ஹென்றியும், காப்புறுதிக் கம்பனி ஒன்றில் கணினி வேலை பார்க்கிற ரதீசனும், வில்லரே பகுதியில் ஒரு மேல்மாடி வீட்டில் பத்து வருடமாக ஒன்றாக இருந்தார்கள். ஊருக்கு அவர்கள் வாடகையைப் பங்கு போடுகிற 'அந்த ரெண்டு பொடியள்'. கலியாணம் கட்டாதவரைக்கும் தலை நரைத்தாலும் பொடியன்தான் என்பது நம் சனத்தின் கணக்கு. அந்தக் கணக்குக்குள் ரதீசன் வெகு சௌகரியமாக ஒளிந்திருந்தான்.

ஹென்றியும் கூட்டத்தோடு கூட்டமாக இருந்து சிரிப்பான். முதல் சில வருடங்கள் உண்மையாகவே சிரித்தான். போகப்போக, பக்கத்தில் இருப்பவர்கள் சிரிப்பதைப் பார்த்துவிட்டுச் சிரித்தான்.

கிளியைவிடப் பெரிய நட்சத்திரம் கிளியின் அம்மா. ஞாயிறு தோறும் ஹென்றி ரெலிபோன் அட்டையைச் சுரண்டி நாவலடிக்கு எடுப்பான். கனடா தூரம் என்பதால் மறுமுனையில் அம்மா கத்தித்தான் கதைப்பா. என்ன கத்துகிறா என்று அடுத்த அறையில் இருக்கும் ரதீசனுக்கு விளங்காது, சத்தம் மட்டும் வரும். ஹென்றி "ஓம் அம்மா, ஓம்" என்பான்.

"மனிசி என்னத்தை அப்பிடிக் கேக்கிறா?" என்று ரதீசன் ஒருநாள் கேட்டான்.

"பனி கொட்டுதா எண்டு."

"ஆடி மாதத்திலையுமோ?"

"ஆடியிலயும்தான்."

அது ஒன்று போதாதா. ஆடி மாதத்து வெக்கையில், முதுகில் பவுடர் அப்பிக்கொண்டு நிற்கிற கிளியிடம் "பனி கொட்டுதா" என்று கேட்கும் மாமியாரை ரதீசன் மேடைக்குக் கொண்டுவந்தான். இருபதினாயிரம் கிலோமீற்றருக்கு அங்காலே இருந்து அவ போட்ட சத்தத்தில் மொன்றியலில் பனி உருகியதாகச் சொன்னான். சனம் கதிரையில் இருந்து விழுந்து சிரித்தது. தூரக்கணக்கை வீட்டில் ஹென்றி திருத்தினான். அவ்வளவுதான் அவன் சொன்னது.

பிறகு கடல் வந்தது.

நத்தாருக்கு மறுநாள், நாவலடியில் ஹென்றியின் அம்மா யோசெப்பின் ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்து, தேத்தண்ணிக்குத் தண்ணீர் வைத்த நேரம் அது என்று பின்னர் யாரோ சொன்னார்கள். அடுத்த மாதம், பார்க் எக்ஸ்ரென்சன் பகுதியில் ஒரு தேவாலயத்தின் நிலவறை மண்டபத்தில் அஞ்சலிக் கூட்டம் நடந்தது. உறவைப் பறிகொடுத்தவர்கள் முன்வரிசையில் படங்களோடு இருந்தார்கள். சனம் வரிசையாக வந்து கையைப் பிடித்துத் துக்கம் விசாரித்தது. ரதீசன் மண்டபத்தின் மறுமுனையில், பெரிய தேத்தண்ணிப் பானைக்குப் பின்னால் நின்று காகிதக் கோப்பைகளில் ஊற்றிக் கொடுத்தான். வாடகையைப் பங்கு போடுகிறவனுக்குச் செத்த வீட்டில் கிடைக்கக்கூடிய உயர்ந்த பதவி அதுதான். பத்து வருடம் கூட இருந்தவனின் தாய் செத்ததற்கு அவனை ஒருவரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. சீனி காணாது என்று மட்டும் இரண்டு பேர் சொன்னார்கள்.

ரதீசன் அப்படிப் பானைக்குப் பின்னால் ஒளிந்து நின்றதைக்கூட ஹென்றி பொறுத்திருப்பான். சித்திரை வருடப்பிறப்பு விழாவில்தான் எல்லாம் பிழையாகிப்போனது. ரதீசன் மேடையில் நின்றபோது, தெப்பனர் என்கிற மூலைக்கடை வைத்திருக்கும் றொபின்சன் கீழே இருந்து, "மாமியார் எப்பிடி அண்ணை? கனநாளாக் காணேல்லை" என்று கூப்பிட்டான். சனம் கைதட்டியது. ரதீசனின் நாக்கு அவனைக் கேளாமல் புறப்பட்டுப் போனது. கிளியின் அம்மா ரெலிபோனில் கேட்டா: பனி கொட்டுதா? மண்டபம் வெடித்துச் சிரிக்க, நடுவரிசையில் ஹென்றி எழுந்து, கதிரைகளுக்கு இடையால் மன்னிப்புக் கேட்டுக் கேட்டு நடந்து, தன் ஜக்கற்றை எடுத்துக்கொண்டு வெளியே போனான்.

அதற்குப் பிறகு வீட்டில் சண்டை இல்லை. சண்டை இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். ஆடியில் நாட்டின் பாராளுமன்றம் சட்டம் கொண்டுவந்தது. ஆணும் ஆணும், பெண்ணும் பெண்ணும் நாடு முழுக்கச் சட்டப்படி கலியாணம் கட்டலாம் என்றது சட்டம். அந்தச் செய்தி வந்த பத்திரிகையை ஹென்றி மேசையில் விரித்து வைத்திருந்தான். ரதீசன் சோற்றுச் சட்டியை இறக்கி அதன் மேல் வைத்தான். மேசைக்குச் சூடு படக்கூடாதென்று வைத்ததாக அவன் தனக்கே சொல்லிக்கொண்டான். கார்த்திகையில் ஹென்றி ஆற்றுக்கு அந்தப்பக்கம், லொங்குய்யில், ஒரு வீடு பார்த்துக் கையெழுத்தும் வைத்துவிட்டான். தைமாதம் போகிறதாக ஏற்பாடு. ஒவ்வொரு ஞாயிறும் இரண்டு பெட்டி கட்டினான், முன்பு அம்மாவுக்கு ரெலிபோன் எடுக்கிற நேரத்தில்.

இந்த நேரம் பார்த்துத்தான் சிவநேசம் மாஸ்டர் கூப்பிட்டார். ஊரில் அதிபராக இருந்தவர். இங்கே எல்லாப் பட்டிமன்றத்துக்கும் அவர்தான் நடுவர்.

"தம்பி, கடல்கோள் ஆண்டு நினைவுக்கு ஒரு பட்டிமன்றம். பாரமான தலைப்பு. மனிதகுலத்தை உயர்த்தியவர்கள் விஞ்ஞானிகளா, அரசியல் தலைவர்களா. நீர் விஞ்ஞானிகள் பக்கம். எதிரணிக்கு ஆரைப் போட்டிருக்கிறன் தெரியுமோ? உம்மட ரூம்காரன் ஹென்றி. ஒரே வீட்டுக்குள்ள இருக்கிற ரெண்டு பேர் மோதினால் சனத்துக்கு நல்ல விருந்து."

"மாஸ்டர், அவனுக்கு மேடைப் பழக்கம் இல்லை."

"நான் கேட்டனான். உடன ஓமெண்டு சொல்லிப்போட்டான்."

அன்று பின்னேரம் ஹென்றி குசினியில் பெட்டியொன்றுக்கு ரேப் ஒட்டிக்கொண்டிருந்தான். ரதீசன் வாசல் நிலையில் சாய்ந்து நின்றான்.

"ஏன் ஓமெண்டனி?"

"அம்மாட ஆண்டு நினைவு. நான் வராம ஆரு வாறது?"

"மேடையில என்ன சொல்லப் போறாய்?"

"பயப்படாத. உன்ட பேர் வராது." ஹென்றி ரேப்பைப் பல்லால் கடித்து அறுத்தான். "நான் உன்னட்ட ஒண்டும் கேக்கல்ல, ரதீசன். போற ஆள் என்னத்தக் கேக்கிற. ஒண்டே ஒண்டு. அண்டைக்குக் கிளியக் கொண்டு வராத. அம்மாட படம் இருக்கிற மேடை அது."

"சத்தியமாக் கொண்டு வரமாட்டன்."

"சரி."

அந்த 'சரி'யில் இருந்து பார்த்தால், ஹென்றி ஏற்கெனவே லொங்குய்யில்தான் இருந்தான்.

நத்தாருக்கு முந்திய ஞாயிறு. அதே நிலவறை மண்டபம். மேடையோரம் வெள்ளைத்துணி விரித்த மேசையில், இறந்தவர்களின் படங்களும் மெழுகுதிரிகளும். யோசெப்பின் தன் அடையாள அட்டைப் படத்தைப் பெருப்பித்த சட்டகத்துக்குள் இருந்து, படம் எடுத்தவனோடு கோபித்தது போலப் பார்த்துக்கொண்டிருந்தா. மேசைக்குப் பக்கத்தில் நேரக்கணக்கு இந்திராதேவி அக்கா. மணி அவவுடைய கையில். ஒருமுறை பிரதம விருந்தினராக வந்த சுவாமியாருக்கே நேரம் முடிந்தது என்று மணி அடித்தவ.

ஹென்றி கையில் தாள் இல்லாமல் எழுந்தான்.

"கடலுக்கு அடியில நிலம் நடுங்கினத விஞ்ஞானிகள் அண்டைக்கே கண்டவங்க. தூரத்துத் தீவில இருந்த கருவி காட்டினது. ஆனா நாவலடியில தேத்தண்ணிக்குத் தண்ணி வச்சுக்கொண்டு நிண்ட என்ட அம்மாவுக்கு அதச் சொல்ல ஒரு வழி இருக்கல்ல. அந்த வழியப் போட்டு வைக்கிறது விஞ்ஞானிட வேலையில்ல. தலைவன்ட வேலை. அறிவு இருந்தும் சனம் சாகும், தலைவன் இல்லையெண்டா."

ஹென்றி ஒரு மிடறு தண்ணீர் குடித்தான்.

"இன்னொண்டு. சான் பிரான்சிஸ்கோவில நகரசபைக்கு ஒருவர் தெரிவானார். தான் ஆம்பிளைய விரும்புற ஆம்பிளை எண்டத மறைக்காம வாக்குக் கேட்டு வந்தவர். பதவி ஏத்து ஒரு வருசம் ஆகமுந்தி அவரச் சுட்டுப் போட்டாங்க. ஆனா அவர் அந்தக் கதிரையில இருந்ததப் பாத்த ஆக்கள் எத்தின பேர் எழும்பி வந்தாங்க. இந்த மாகாணம் எழுபத்தேழாம் ஆண்டே எழுதி வச்சது, இப்பிடியான ஆள் எண்டு ஒருத்தருக்கு வீடோ வேலையோ மறுக்க ஏலாது எண்டு. போன மாதம் இங்க ஒரு பெரிய கட்சி, தன்னை மறைக்காத ஒருவரைத் தலைவராக்கினது. அவங்க ஒண்டையும் கண்டுபிடிக்கல்ல. ஒளிக்காம இருந்தாங்க. அதுவும் ஒரு பெரிய வேலை."

எங்கோ ஒருவர் செருமினார். ஒரு கதிரை கிறீச்சிட்டது. ஹென்றி ரதீசனைப் பார்க்கவில்லை. நடுவரை வணங்கிவிட்டுப் போய் இருந்தான். கைதட்டு வந்தது, மழை பெய்யலாமா வேண்டாமா என்று யோசிப்பது போல.

ரதீசனின் முறை. நீராவியில் தொடங்கினான். அம்மைப்பால், பென்சிலின், மின்விளக்கு எல்லாம் வந்தன. ஒன்றுக்கும் சனம் சிரிக்கவில்லை. சிரிப்பில்லாத மேடையில் ரதீசன் நின்று பழகியதில்லை. சமையலறை தெரியாத மாப்பிள்ளை வெங்காயம் உரிப்பது போலத் தன் சொற்களை உரித்துக்கொண்டே போனான். உள்ளே ஒன்றும் அகப்படவில்லை.

"கிளி எங்கை அண்ணை?" என்றான் றொபின்சன், நல்ல மனத்தோடு, காப்பாற்றுகிற நோக்கத்தோடு. "கிளியைக் கூட்டிக்கொண்டு வாங்கோ."

நடுவர் சிவநேசமே சிரித்தார். "எதிரணி சபையைக் கலங்க வைச்சிட்டுது தம்பி. கொஞ்சம் சிரிக்க வையும்."

ரதீசன் கணிதமேதை ஒருவரிடம் ஓடினான். அலன் ரூறிங். அவரை அவன் முன்பும் மூன்று நான்கு மேடைகளில் பாவித்திருக்கிறான். இன்றைய கணினிக்கு வித்திட்டவர். யுத்தத்தில் ஜேர்மன்காரரின் இரகசியச் செய்திகளை உடைத்த கூட்டத்தில் முன்னுக்கு நின்றவர். கடைசியில் படுக்கைக்குப் பக்கத்தில் பாதி கடித்த அப்பிள் கிடக்க, நஞ்சால் இறந்து கிடந்தார். இந்த இடத்தில் ரதீசனிடம் கைவசம் ஒரு பகிடி இருந்தது: "கலியாணம் கட்டியிருந்தால் மனிசி அப்பிளைத் தோல் சீவிக் குடுத்திருப்பா." எப்போதும் நன்றாக எடுபட்ட பகிடி.

அப்பிள் வரைக்கும் வந்துவிட்டான். சனம் பல்லைத் தயார் செய்துகொண்டு இருந்தது. மேசையில் இருந்து யோசெப்பின் பார்த்தா. ஹென்றி தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

"இந்தக் கதையில அரைவாசியைத்தான் நான் இவ்வளவு காலமும் சொன்னனான்" என்றான் ரதீசன். தன் குரல் பகிடிக்குரிய குரலாக இல்லை என்பதைக் கேட்டு அவனே திடுக்கிட்டான். "அந்த மனிசன் ஒரு ஆம்பிளையோட இருந்தவர். அதுக்காக வழக்குப் போட்டவை. மறியலுக்குப் போறியா, ஊசி போட்டு உடம்பை மாத்திறதா எண்டு கேட்டவை. ஊசி எண்டவர். ரெண்டு வருசத்தில செத்துப்போனார். அவர் செய்த வேலையால எத்தினை கப்பல் தாழாமல் கரைக்கு வந்தது. அந்த நாட்டுச் சட்டம் அவரைக் கரை சேர விடேல்லை. எதிரணி சொன்னது சரி. தலைவர்மார் இல்லாமல் அறிவு மட்டும் இருந்து காணாது. இதோட என்ர அணி தோத்துப்போச்சு, மாஸ்டர், மன்னிக்கவேணும். ஆனால் எனக்கு இன்னும் நேரம் கிடக்கு."

மண்டபத்தில் யாரோ சிரிக்கத் தொடங்கி நிறுத்தினார்கள்.

"கிளியைக் கேட்டனீங்கள்."

ஹென்றி தலையை நிமிர்த்தினான். அந்த முகத்தில் இருந்ததைக் கோபம் என்று சொன்னால் ரதீசனுக்கு ஆறுதலாக இருந்திருக்கும். கொடுத்த சத்தியத்தை உடைக்கப்போகிறவனைப் பார்க்கிற முகம் அது.

"கிளி எண்டு ஒரு பொம்பிளை இல்லை" என்றான் ரதீசன். "கிளி ஒரு ஆம்பிளை. பத்து வருசமா நான் அவரோட குடும்பம் நடத்திறன். நீங்கள் சிரிச்ச ஒரு பகிடியும் என்ர மூளையில வந்ததில்லை, எல்லாம் அவரிட்ட இருந்து களவெடுத்தது. அவரின்ர பேரைச் சொல்ல எனக்கு உரிமையில்லை. சொல்லவும் மாட்டன். என்னைப் பற்றித்தான் நான் சொல்லலாம். பேந்து, அந்த மாமியார். அந்த மனிசி போன வருசம் கடலோட போயிட்டா. இந்தச் சித்திரைக்கு நான் உங்களைச் சிரிக்க வைச்ச நேரம் அவ உயிரோட இல்லை. அவவின்ர அஞ்சலிக்கு நான் இஞ்சதான் நிண்டனான். அந்தத் தேத்தண்ணிப் பானைக்குப் பின்னால."

இந்திராதேவியின் கை மணியைத் தூக்கியிருந்தது. தூக்கியபடியே நின்றது.

வலப்பக்கத்தில் ஒருவர் எழுந்தார். "பிள்ளையள் இருக்கிற இடம்" என்றார், பொதுவாகச் சுவருக்கு. மனைவியும் பிள்ளைகளும் குளிர் உடுப்பு மாட்டி, சிப் இழுத்து, தொப்பி தேடி வெளியேற நேரம் எடுத்தது. குளிர் நாட்டில் கோபித்துக்கொண்டு சடாரென்று புறப்பட முடியாது. சனம் முழுக்க அந்தத் தொப்பி கிடைக்கும்வரை காத்திருந்தது. ரதீசனும் மேடையில் நின்று காத்திருந்தான். கதவு சாத்தப்பட்டதும் போய் இருந்தான். கைதட்டு இல்லை.

சிவநேசம் மாஸ்டர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். நெடுநேரம் துடைத்தார்.

"நிறைவுரை" என்றார் கடைசியில். "ஹென்றி. விரும்பினால் மட்டும்."

ஹென்றி எழுந்து வந்தான். ஒலிவாங்கி உயரத்தைச் சரி செய்தான்.

"எதிரணித் தலைவர் சொன்னதில ஒரு பிழை இருக்கு" என்றான். "நான் திருத்தவேணும்."

ரதீசன் கண்ணை மூடிக்கொண்டான்.

"அந்த மாமியார் பனி கொட்டுதா எண்டு ஒருநாளும் கேக்கல்ல. அது நான் சொன்ன பொய். இவர் பயந்த ஆள், உண்மையச் சொன்னா வீட்ட விட்டு ஓடிருவார் எண்டு பயந்து சொன்ன பொய்." ஹென்றி மேசைப் பக்கம் திரும்பினான். "அம்மா ஒவ்வொரு ஞாயிறும் கேட்டது வேற. 'மனே, ரதீசன் சோறு திண்டானா?' எண்டு. ஆடியிலயும் அதுதான். நான் ஓம் அம்மா, ஓம் எண்டுவன்."

அவ்வளவுதான். நடுவரை வணங்காமலே போய் இருந்துவிட்டான்.

தீர்ப்புக்கு எழுந்த சிவநேசம், முப்பது வருடம் மேடை கண்ட மனிதர், கையில் இருந்த தீர்ப்புத் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார். பிறகு, "நான் ரெண்டு பேரையும் எதிரெதிரா இருத்தினது என்ர பிழை" என்றார். "தீர்ப்பு இல்லை. விளக்கேத்துவம்."

மெழுகுதிரிகள் ஏற்றப்பட்டன. ஹென்றி அம்மாவின் படத்தின் முன் நின்றான். ரதீசன் பழக்கதோஷத்தில் தேத்தண்ணிப் பானையை நோக்கி நடந்தான். அங்கே வேறு யாரோ நின்றார்கள். திரும்பி வந்து, ஹென்றிக்குப் பக்கத்தில், கொஞ்சம் இடம் விட்டு நின்றான். ஹென்றி அந்த இடத்தை நிரப்பவும் இல்லை, கூட்டவும் இல்லை.

சனம் துக்கம் விசாரிக்க வந்தது. போன முறையைவிடக் குறைவான ஆட்கள்தான். பலர் ஹென்றியின் கையை மட்டும் தொட்டுவிட்டு, ரதீசன் நிற்கிற இடத்தில் தூண் நிற்பதுபோல விலத்திப் போனார்கள். றொபின்சன் வந்தான், ரதீசனின் தோளில் ஒரு தட்டு தட்டிவிட்டுப் போனான். கொஞ்சம் பலமான தட்டு.

இந்திராதேவி அக்கா கடைசியாக வந்தா. ஹென்றியின் கையைப் பிடித்தா. பிறகு ரதீசனுக்கு முன்னால் நின்றா. ஒரு கையில் இன்னும் மணி இருந்தது. அதை மேசையில் வைத்துவிட்டு, இரண்டு கையாலும் அவனுடைய கையைப் பிடித்தா. உறவுக்காரரிடம் எல்லோரும் கேட்கிற கேள்வியைக் கேட்டா.

"மாமிக்கு என்ன வயசு, தம்பி?"

எத்தனையோ மேடையில் அந்த மனிசியை வைத்துச் சனத்தைச் சிரிக்க வைத்தவனுக்கு வயது தெரியவில்லை. அவன் ஹென்றியைத் திரும்பிப் பார்த்தான். அப்போதுதான் அன்று முதன்முதலாக அவன் கண் கலங்கியது, ஒரு வருடம் பிந்தி.

"எழுபத்தொண்டு" என்றான் ஹென்றி. இந்திராதேவிக்கு அல்ல, ரதீசனுக்கு.

"எழுபத்தொண்டு, அக்கா" என்றான் ரதீசன்.

"சாகிற வயசில்லை" என்றா அவ.

"இல்லை அக்கா."

வெளியே வந்தபோது நாலரை மணிக்கே இருட்டியிருந்தது. பனி கொட்டியது. இரண்டு பேரும் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. மெத்ரோ ரயில் நிலைய வாசல் வரைக்கும் நடந்தார்கள். படிக்கட்டில் இறங்கும்போது ஹென்றி நின்று, மேசையில் இருந்து எடுத்துவந்த அம்மாவின் படச்சட்டகத்தில் விழுந்திருந்த பனியைச் சட்டைக்கையால் துடைத்தான்.

"சொன்ன சொல்லுக் காப்பாத்தல்ல நீ. கிளியக் கொண்டு வந்திட்ட."

"ஓம்."

"லொங்குய் வீட்டுக்காரனுக்கு நான் என்னத்தச் சொல்லுற?"

"நான் வந்து சொல்லுறன். பகிடி விடமாட்டன்."

ஹென்றி சட்டகத்தை ஜக்கற்றுக்குள் வைத்து மூடினான். இரண்டு படி இறங்கினான். பிறகு திரும்பாமலே, வானொலிக்காரனோடு வழக்குப் பேசுகிற பழைய குரலில் கேட்டான்:

"பெட்டியளத் திறக்கிறெண்டா எதால வெட்டுற? வீட்டில இருந்த கத்தி எல்லாத்தையும் பெட்டிக்குள்ள வச்சுத்தான் ரேப் ஒட்டியிருக்கன்."